எதிர்வீட்டு எறும்புகள்

அன்று நான் காரிடாரில் முக்காலி போட்டு உட்கார்ந்து, செத்துப்போன ஓர் எறும்பை இன்னோர் எறும்பு இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிய நேரம். மூன்றாவது மாடியில் நடமாட்டமே இல்லை. யார் வீட்டிலோ கருவாடு வறுபட்டுக்கொண்டிருந்தது. லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை.

அப்போது எதிர்வீட்டுக் காலிங் பெல் அடித்தது.

அமுக்கினால் குருவி கத்துமே, அந்த ரக பெல். எனக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு பாய் விரிக்கலாம், அவ்வளவுதான் இடைவெளி. கதவுக்கு முன்னால் யாரும் இல்லை. பெல் ஸ்விட்சைத் தொட ஒரு விரல்கூட அங்கே இல்லை. ஆனாலும் குருவி முழு மூச்சாகக் கத்தி முடித்தது.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது. கோமதி ஓடிவந்து கதவைத் திறந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. என்னைப் பார்த்தாள், பிறகு படிக்கட்டைப் பார்த்தாள்.

"யாருக்கா வந்தது?"

"யாரும் வரலியே."

"பெல் அடிச்சுதே?"

"அடிச்சுது. நானும் கேட்டேன். ஆளுதான் இல்ல."

ஆளில்லாமல் பெல் அடித்தால் மனிதர்கள் பயப்படுவார்கள். இல்லாவிட்டால் எரிச்சல்படுவார்கள். கோமதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. வாசல்படி ஓரமாக ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முழங்கால் செய்த உபகாரம்

அம்பத்தூர் எஸ்டேட் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு நாங்கள் போட்ட சண்டையைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "இப்போது பஸ்ஸும் இல்லை, வேலையும் இல்லை, பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்டிருக்கிறார். எறும்பு பார்க்கிறேன் அம்மா. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

அயனம்பாக்கத்தில் ஏரியைப் பார்த்த மாதிரி ஃப்ளாட் வாங்கியபோது, தினமும் கரையில் நடக்கலாம் என்பதுதான் திட்டம். முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. டாக்டர் படி ஏறாதே, இறங்காதே என்று சொல்லிவிட்டார். லிஃப்ட் எப்போது ஓடும் என்பது அதை மாட்டியவருக்கே தெரியாது. ஆக, என் உலகம் சமையலறையிலிருந்து காரிடார் வரை என்று ஆகிப்போனது. அந்த உலகத்தில் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், எறும்புகள்தான்.

வேலை பார்த்த காலத்துப் பூதக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரிலே செய்யும் ஃபாக்டரியில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ரிலே என்பது தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா. உள்ளே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். அவை தொட்டால் கரண்ட் போகும், விலகினால் நிற்கும். அந்தப் புள்ளிகளைக் கண்ணாடி வழியாகப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுவதிலேயே என் இளமை முழுக்கக் கழிந்தது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று ஏற்கெனவே ஒரு வாரம் எழுதிவிட்டேன். திரும்ப எழுதுவதாக இல்லை.

ரிலே பார்த்த கண்ணுக்கு எறும்பு பெரிய விஷயமில்லை. அழவும் அழாது, கோபித்துக்கொள்ளவும் செய்யாது. நானும் அப்படித்தான் என்று என் தம்பி மனைவி சொல்வாள். பாராட்டாகச் சொல்லவில்லை என்று தெரியும், நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சும்மா நிற்கிற எறும்பு

எறும்பு என்றாலே சுறுசுறுப்பு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதைச் சொன்னவர் எறும்பை உட்கார்ந்து பார்த்தவர் இல்லை என்று நினைக்கிறேன். ஒரு வரிசையில் சுமை தூக்குகிற எறும்புகள் உண்டு. வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புகிறவையும் உண்டு. ஓரமாக நின்று மீசையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறவையும் ஏராளம். எங்கள் ஷிஃப்டிலும் இப்படிச் சிலர் இருந்தார்கள், சூப்பர்வைசர் வரும்போது மட்டும் குனிந்துகொள்வார்கள். எறும்புக் கூட்டத்துக்கு சூப்பர்வைசர் கிடையாது. அப்படியும் வேலை நடந்துவிடுகிறது.

எதிரெதிரே வருகிற இரண்டு எறும்புகள் மீசையால் தொட்டுக்கொள்ளாமல் போவதே இல்லை. வயிறு நிறையத் தின்றது வாயோடு வாய் வைத்துப் பசித்ததற்குக் கொடுக்கிறது. கொடுத்து முடித்ததும் இரண்டும் அதனதன் வழியில் போய்விடுகின்றன, நன்றி சொல்வதோ சொல்லிக்காட்டுவதோ கிடையாது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். வெளியே இரை தேடி அலைகிற எறும்புகள்தான் அந்தக் கூட்டத்திலேயே வயதானவையாம். சின்னதுகள் பத்திரமாக உள்ளே இருந்து முட்டை, குஞ்சு பார்க்குமாம். கிழடு போனால் நஷ்டம் குறைவு என்கிற கணக்கு. இதைத் தெரிந்துகொண்ட அன்று கொஞ்ச நேரம் எறும்புகள்மேல் எனக்குக் கோபம் இருந்தது.

இப்படி நான் உட்கார்ந்திருப்பது எங்கள் வாட்ச்மேன் ஏழுமலைக்குத் தாங்கவில்லை. அயனம்பாக்கத்துப் பழைய குடும்பம் அவருடையது. நாங்கள் ஃப்ளாட் கட்டிக் குடியிருக்கும் இடத்தில் அவர் அப்பா நெல் விளைத்திருக்கிறார். அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. வருத்தமெல்லாம் லிஃப்ட் பற்றித்தான்.

"இன்னாம்மா, காலைல இருந்து குந்திகினு கீற? எதுனா தொலைஞ்சு போச்சா?"

"எறும்பு பாக்கறேன் ஏழுமலை."

"எறும்பப் பாக்கறதுக்கு இன்னா கீது? சொல்லு, மருந்து வாங்கியாந்து அட்ச்சுடறேன். ஒரே நாள்ல காலி."

"நீ ஒண்ணும் அடிக்க வேணாம். போய் லிஃப்டுக்காரனுக்கு ஃபோன் போடு."

"அத்த வுடும்மா. அவன் வர்றதுக்குள்ள உன் எறும்பே லிஃப்ட் ரிப்பேர் பண்ணிடும்."

நல்ல மனிதர். மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. அந்தத் தெரியாத்தனம்தான் கோமதி வீட்டில் இடியாக இறங்கியது.

ஏரிக்கரையில் ஒரு ஷூ

கோமதியும் அவள் கணவர் சங்கரனும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். குழந்தை இல்லை. சங்கரனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் பழைய ஃபாக்டரி இருந்த தெருவிலேயே இப்போது கண்ணாடிக் கட்டடமாக நிற்கிறதே, அதில் ஒரு மாடி. காலையில் பளபளக்கிற ஷூவும் கழுத்தில் ஆபீஸ் அட்டையுமாகக் கிளம்புவார். என்னைப் பார்த்தால், "நல்லாருக்கீங்களாக்கா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவார். இந்தக் கட்டடத்தில் பதிலுக்குக் காத்து நிற்கிறவர் அவர் ஒருவர்தான்.

பெல் தானாக அடிப்பதற்கெல்லாம் முன்பு, ஒருநாள் ஏழுமலை தண்ணீர் கேன் கொண்டுவந்து போட்டுவிட்டு, கோமதியிடம் சாதாரணமாகக் கேட்டார். "இன்னாம்மா, சாருக்கு லீவா? டெய்லி ஏரிக்கரைல வேப்பமரத்தாண்ட குந்திகினு கீறாரு. டிபன் பாக்ஸ தொறந்து தனியா துண்றாரு. உடம்பு சரியில்லியா?"

கதவு திறந்திருந்ததால் நானும் கேட்டேன். கோமதி கேனை உருட்டி உள்ளே வைத்தாள். ஏழுமலை ஒன்றும் தெரியாமல் படி இறங்கிப் போனார்.

சங்கரனுக்கு வேலை போய்ப் பல வாரம் ஆகியிருக்கிறது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மனைவியிடம் சொல்லக் கூச்சப்பட்டு, தினமும் ஷூ மாட்டி, அட்டை மாட்டி, அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வருகிற நேரத்துக்குச் சரியாக வீடு திரும்பியிருக்கிறார்.

அன்று சண்டை சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அவள் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் தெரியாது. மறுநாள் காலை சங்கரன் வழக்கம்போல் பையோடு கிளம்பினார். என்னைப் பார்த்தார். அன்று மட்டும் நின்று கேட்கவில்லை. சாயங்காலம் திரும்பி வரவில்லை.

ஃபோன் அணைந்திருந்தது. ஒரே ஒரு செய்தி மட்டும் வந்தது. நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம், ஒரு வேலையோடுதான் வருவேன் என்று. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்தாள். வயது வந்த ஆள், அவரே செய்தி அனுப்பியிருக்கிறார், வந்துவிடுவார் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கோமதி அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைக்க ஆரம்பித்தாள். வாசலுக்குப் பக்கத்து ஜன்னலோரமாக மெஷினைப் போட்டுக்கொண்டாள். வெளிச்சத்துக்காக என்றாள். படிக்கட்டில் யார் ஏறிவந்தாலும் அங்கிருந்து முதலில் கேட்கும் என்பதும் ஒரு காரணம்.

வன்னி மரம் இல்லாத இடத்தில்

நசரத்பேட்டையில் யாரோ ஒரு ஜோசியரிடம் கணவரின் ஜாதகத்தைக் கொண்டுபோயிருக்கிறாள் கோமதி. சனி பிடித்திருக்கிறது, வன்னி மரத்தடியில் எறும்புக்குப் பச்சரிசி நொய்யும் சர்க்கரையும் கலந்து போடு, போனவர் தானாக வருவார் என்று சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைதோறும் போட வேண்டும். இத்தனை வாரம் என்று ஒரு கெடுவும் உண்டு.

அயனம்பாக்கத்தில் வன்னி மரத்துக்கு எங்கே போவது? இருந்தாலும் இருக்கும், யாருக்குத் தெரியும். கோமதி யோசித்து, தன் வாசலிலேயே போட ஆரம்பித்தாள். எங்கோ ஒரு மரத்தடியில் போட்டால் புண்ணியம் மரத்தடியில்தானே சேரும், நம் வாசலில் போட்டால் அவர் நம் வாசலுக்கே வருவார் என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை போதாது என்று தினமும் போட்டாள். கோலப்பொடி டப்பா மாதிரி ஒரு டப்பாவில் நொய்யும் சர்க்கரையும் எப்போதும் தயாராக இருக்கும்.

வந்தவை பிள்ளையார் எறும்புகள். கறுப்பாக, கடிக்காமல், ஏதோ மறந்துவிட்டதுபோல் அங்குமிங்கும் ஓடுமே, அவை. எனக்குக் கொண்டாட்டம். இவ்வளவு பெரிய கூட்டத்தை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. நொய் ஒன்றைத் தூக்க முடியாமல் நாலைந்து சேர்ந்து, ஆளுக்கொரு திசையில் இழுத்து, கடைசியில் எப்படியோ சுவர் ஓரம் கொண்டுசேர்க்கும். சுவர் ஓரமாகவே ஏறி, கதவு நிலைக்குப் பக்கத்தில் மறைந்துபோகும். எங்கே மறைகின்றன என்று நான் கவனித்திருக்க வேண்டும். நொய்யையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பெல் தானாக அடிக்கத் தொடங்கியது. கோமதி அதைப் பரிகாரம் பலிக்கிறதற்கு அறிகுறி என்று எடுத்துக்கொண்டாள். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஃபோனில் சொன்னாள். "ஆளில்லாம அடிக்கும்மா. அவிய கெளம்பிட்டாவன்னு நெனைக்கேன்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொரு தடவை குருவி கத்தும்போதும் மெஷின் நிற்கும், கதவு திறக்கும். அவள் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

நாளாக ஆக, அந்த மலர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. ஓடி வருவது மட்டும் குறையவில்லை. ஒருநாள் கால் இடறி, நிலையில் நெற்றி மோதிக்கொண்டு வந்து நின்றாள். அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்விட்சைக் கழற்றினேன்

ஃபாக்டரியில் ஒரு தடவை, ஏதோ மில்லுக்கு அனுப்பிய ரிலேக்கள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. திறந்து பார்த்தால் புள்ளிகளுக்கு நடுவில் செத்த எறும்புகள், திணித்து வைத்ததுபோல். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் வேலைக்கு உட்கார்ந்திருப்பீர்கள் என்று பெண்களாகிய எங்கள்மேல் பழி போட்டு, வாசலில் சோப்பு வைத்தார்கள். நாங்களும் அப்படித்தான் இருக்கும்போல என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். யாருக்கும் வேறு காரணம் தெரியவில்லை.

காரணம் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கரண்ட் இருக்கிற இடத்தில் கதகதப்பாக இருக்கிறதென்று ஓர் எறும்பு நுழையும். ஷாக் அடிக்கும். சாகிற எறும்பு, ஆபத்து என்று ஒரு வாசனையை விடும். அந்த வாசனைக்குப் பக்கத்தில் இருப்பவை உதவிக்கு ஓடிவரும், அவற்றுக்கும் ஷாக் அடிக்கும். அவை விடுகிற வாசனைக்கு இன்னும் கொஞ்சம் வரும்.

கோமதியிடம் மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தபடியே ஸ்விட்சின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு குடித்தனமே இருந்தது. பைப் வழியாகச் சுவருக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. வெள்ளை வெள்ளையாக முட்டையும் குஞ்சும். அவற்றை வாயில் கவ்விக்கொண்டு உயிருள்ளவை சிதறி ஓடின. ஒயர் முடுக்கியிருந்த இடத்தில் செத்தவை அட்டையாக ஒட்டிக்கிடந்தன. மழைக்காலத்து ஈரம் வேறு. அந்தப் பிணக்குவியல் வழியாகத்தான் கரண்ட் தாண்டி பெல்லை அடித்திருக்கிறது.

எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. நேராகச் சொன்னேன்.

"இங்க பாரு கோமதி. பெல்ல அடிக்கறது எறும்பு. நீ போடற நொய்யத் தின்னுட்டு இங்கயே குடி வந்துடுச்சுங்க. சாமியும் இல்ல, சகுனமும் இல்ல. இனிமே நீ ஓடி வராத."

அவள் வெகுநேரம் ஸ்விட்சுக்குள் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இவ்வளவு செத்திருக்கே" என்றாள்.

"தொடச்சுட்டு, கொஞ்சம் மருந்து போட்டு மூடிடலாம்."

"வேண்டாம்க்கா. சோறு போட்ட கையால கொல்லச் சொல்லுதீங்களா? கெடு முடியட்டும்."

"அப்ப பெல்லோட ஒயர எடுத்து விட்டுடறேன். அடிக்காது."

"எடுத்துட்டா, அவிய வந்து அமுக்கினா எப்படிக் கேக்கும்?"

மூடியை இருந்தபடியே மாட்டினேன். செத்தவற்றை எடுக்கக்கூட அவள் விடவில்லை, உயிருள்ளது ஏதாவது நசுங்கிவிடும் என்று. மெயினைப் போட்டதும் குருவி ஒரு தடவை கத்தி ஓய்ந்தது. அவள் சிரித்தாள். சிரிப்பில் உயிரே இல்லை. வெறும் எறும்பு என்று தெரிந்துவிட்டதில் எனக்குத்தான் திருப்தி, அவளுக்கு இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னது சரி என்றே நினைத்தேன். பொய்யை நம்பி ஒருத்தி நெற்றியை இடித்துக்கொள்வதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

நிற்காத மெஷின்

அதற்குப் பிறகு பெல் அடித்தால், முதலில் சில நாள் மெஷின் நிற்கும், கதவு திறக்காது. பிறகு மெஷினும் நிற்பதில்லை. குருவி கத்திக்கொண்டே இருக்கும், உள்ளே தையல் ஓடிக்கொண்டே இருக்கும். சத்தம் அவளுக்குப் பழகிவிட்டது.

உண்மையில் இந்தக் காலத்தில் பெல் யாருக்குத் தேவை? கூரியர்காரர் கீழேயிருந்தே ஃபோன் செய்கிறார். சிலிண்டர் போடுகிறவர் ஃபோன் செய்கிறார். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் படி ஏறும்போதே "கோமதி" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார்கள். அந்த பெல் எறும்புகளுக்கென்றே ஆகிவிட்டது.

நொய் போடுவதை மட்டும் அவள் விடவில்லை. நம்பிக்கையோடு போடுகிறாளா, கெடு முடியவில்லையே என்பதற்காகப் போடுகிறாளா என்று நான் கேட்கவில்லை. எறும்புகளைப் பார்க்கும்போது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. வழியில் குச்சி போடக்கூடாது, தூக்கிவிடக்கூடாது, நடப்பதை நடக்க விட்டுப் பார்க்க வேண்டும். எதிர்வீட்டு விஷயத்தில் ஒரு தடவை அந்த விதியை மீறியாகிவிட்டது. இனி மீறுவதில்லை என்று இருந்தேன்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகல். என் வாசல்படிக்கு உள்பக்கமாக உட்கார்ந்து, குனிந்து, ஒரு கரப்பான் காலை எறும்புகள் இழுத்துப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூதக்கண்ணாடியின் ஓரத்தில் ஒரு ஷூ வந்து நின்றது.

மெருகு போய், ஓரம் பிளந்திருந்த ஷூ. அது எறும்பு வரிசைக்கு முன்னால் தயங்கியது. பிறகு அகலமாக ஒரு எட்டு வைத்து, ஒன்றையும் மிதிக்காமல் தாண்டியது. நிமிர்ந்தேன். சங்கரன். இளைத்திருந்தார், தாடி வைத்திருந்தார். தோளில் அதே பை.

என்னை அவர் கவனிக்கவில்லை. பெல்லை அமுக்கினார்.

குருவி கத்தியது. மழைக்குச் சாத்திய ஜன்னலுக்குள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் பொறுத்து மறுபடி அமுக்கினார். குருவி முழுக்கக் கத்தி முடித்தது. மெஷின் ஒரு தையல்கூடத் தடுமாறவில்லை. அந்தச் சத்தம் அவருக்கும் நன்றாகக் கேட்டது. அவள் உள்ளேதான் இருக்கிறாள், விழித்துத்தான் இருக்கிறாள், பெல் கேட்டும் எழுந்து வரவில்லை. ஒரு மனிதன் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வான்?

அவர் கை ஸ்விட்சை விட்டுக் கீழே இறங்கியது. கீழே வைக்காத பையை ஒரு தடவை சரிசெய்துகொண்டு திரும்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

நான் தலையை ஆட்டினேன்.

"கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு வேலை கெடைச்சிருக்கு. சொல்லிட்டுக் கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். கதவைக் காட்டினார். "தொறக்கப் பிரியமில்ல போல. அவ மேல தப்பில்லக்கா. நான் வந்தேன்னு சொல்லாதிய."

சொல்லிவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

அந்தக் கதவை அவருக்குச் சாத்தி வைத்திருப்பது நான் சொன்ன உண்மைதான் என்பது அந்த நொடியில் எனக்கு உறைத்தது. கண்ணாடியைக் கீழே போட்டேன். நிலையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஃபாக்டரியில் மெஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசிப் பழகிய தொண்டையால் கத்தினேன்.

"கோமதி! அது எறும்பு இல்லடி! கதவத் தெற!"

மெஷின் நின்றது.

சங்கரன் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றுவிட்டார். எறும்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்று அவருக்கு என்ன தெரியும்? எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்கிற மாதிரி பார்த்தார்.

தாழ்ப்பாள் விலகியது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு கோமதி நின்றாள். அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்றோ, கேட்க வேண்டியதையெல்லாம் கேட்பாள் என்றோ நான் எதிர்பார்த்திருக்கலாம். கடைசியில் அவள் சொன்னது இவ்வளவுதான்.

"பாத்து வாங்க. மிதிச்சிராதிய."

அவர் திரும்பி வந்து, மறுபடி அந்த அகலமான எட்டு வைத்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்தேன். அது உடையவில்லை. ஆனாலும் எறும்பு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

அன்று மெஷின் திரும்ப ஓடவில்லை. சாயங்காலம் நான் வாசலுக்கு விளக்குப் போட வந்தபோது, எதிர்வீட்டில் குருவி கத்தியது. வாசலில் யாரும் இல்லை. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"யாரோ வந்திருக்காவ பாரு" என்றார் சங்கரன்.

"யாருமில்ல" என்றாள் கோமதி. "நீங்க சாப்பிடுங்க."